ஹந்தானை ஏறிய மிட்ஜெட்

கார் வாங்கிவிட்டதாக முனாஸ் சொன்னபோது அவன் மனைவி அஸீமா ஒரு முழுக் காரைத்தான் எதிர்பார்த்தாள். அக்குறணையில் குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறவன், ஐம்பதை நெருங்கும் வயதில், ஊரில் எல்லாரையும் போல ஒரு வெள்ளை ஜப்பான் கார் வாங்குவான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வாசலில் வந்து நின்றதோ ஒரு சின்ன லொறி. அதன் மேல் தறப்பாள் போர்த்திய ஏதோ ஒரு மேடு. தறப்பாளை இழுத்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு கோழி.

"இது என்ன?"

"எம்.ஜி. மிட்ஜெட். அறுபத்தஞ்சாம் ஆண்டு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார்."

அஸீமா லொறியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கூரை இல்லை. பின்சீட் இல்லை. இருந்த இரண்டு சீட்டிலும் வைக்கோல் இருந்தது.

"மத்தப் பாதி எங்க ஈக்கி?"

"இவ்வளவுதான் கார்," என்றான் முனாஸ், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

புசல்லாவைக்கு மேலே ஒரு பழைய தோட்ட பங்களாவைச் சுற்றுலா விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். குளியலறை வேலைக்குப் போன முனாஸ், பின்பக்கத்துக் கொட்டிலில் இதைக் கண்டிருக்கிறான். கோழிகள் அதில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தன. கண்ட இடத்திலேயே அவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது. இரண்டு குளியலறைகளுக்குப் பதிலாக ஒரு கோழிக்கூடு என்று பேசி முடித்துவிட்டான். அவன் வாழ்நாளில் செய்த மிக மோசமான வியாபாரம் அது. கம்பளை, பேராதனை தாண்டி வீடு வரும் வரைக்கும் அவன் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்ததாக லொறிக்காரன் பிறகு சொன்னான்.

அஸீமாவின் கோபத்துக்குக் காரணம் வேறு. அவள் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவள். அக்குறணையிலிருந்து அளவத்துகொடை வரைக்கும் ஸ்டியரிங் பிடிக்கிற பெண்களில் பாதிப்பேர் அவளிடம் பழகியவர்கள். ஊரே அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிடும். இடது பக்க சீட்டில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, இருபது வருடமாக 'மெதுவா, மெதுவா' என்று ஓதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு 'எல்' போர்ட் கார்களில் ஒன்று நின்ற ஷெட்டைத்தான் மிட்ஜெட் பிடித்துக்கொண்டது. அந்த அப்பாவிக் கார் ஈரப்பலா மரத்தின் கீழே போய் நின்றது. முதல் வாரத்திலேயே அதன் போனட்டில் ஒரு காய் விழுந்து பள்ளமாக்கியது.

"ரேஸ் ஓடப் போறன்," என்றான் முனாஸ், கார் வந்த அன்றிரவே சோற்றுக்கு முன்னால். "ஹந்தானையில பழைய காருக்கு மலையேற்றப் போட்டி ஈக்கி. ஒவ்வொரு காரா மேல போகணும். யாரு சுருக்கா ஏறுறானோ அவன்தான்."

"நீங்க மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது."

"நான் ஏறல்லையே. கார்தானே ஏறுது."

கார் வேலைக்குப் புசல்லாவையிலிருந்து தினேஸ் வந்தான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழும்பில் பெரிய கராஜ்களில் வேலை செய்து, வாயையும் கையையும் ஒரே வேகத்தில் பழக்கி வைத்திருந்தவன். காரை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு அவன் அடித்தகட்டை விரலால் தட்டிக்கொண்டே போனான்.

"நானா, இது ஓடும்," என்றான் கடைசியில். "நிக்குமான்னுதான் தெரியல. கதவுக்குக் கீழ இந்தப் பெட்டி மாதிரி தகடு இருக்கு பாருங்க, கூரை இல்லாத காருக்கு இதுதான் முதுகெலும்பு. உங்க காருக்கு முதுகெலும்பே இல்லைங்க. ரெண்டு கதவையும் ஒண்ணா தொறந்தா நடுவுல மடங்கிப் போயிரும்."

"ரெண்டையும் ஒண்டா தொறக்க வேணாம் அப்ப," என்றான் முனாஸ்.

தகடுகளை வெட்டி எறிந்து புதிதாக ஒட்டவே ஒரு மழைக்காலம் போனது. எஞ்சின் அவ்வளவு தொல்லை தரவில்லை. மொரிஸ் மைனருக்கும் இதற்கும் ஒரே வம்சத்து எஞ்சின். இலங்கையில் மொரிஸ் மைனருக்கா பஞ்சம்? பிலிமத்தலாவையில் பழைய வாகனம் உடைக்கிற ஓர் இடத்தில் தண்ணீர்ப் பம்பும் பிஸ்டன்களும் கிடைத்தன. கிளச் பிளேட் மட்டும் லண்டனிலிருந்து, முனாஸின் தங்கை ருஷ்தாவின் பெட்டியில், பிள்ளைகளின் உடுப்புக்கு நடுவே வந்தது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி அது என்னவென்று கேட்டிருக்கிறார். கேக் சுடுகிற தட்டு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஹஜ் செய்துவிட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவள்.

இதற்கிடையில் முனாஸ் ஆங்கிலேயனாக மாறிக்கொண்டிருந்தான். இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் மிட்ஜெட் கழற்றுகிற கிழவர்களின் வீடியோக்களை இரவு பகலாகப் பார்த்தான். கடைக்கு 'கொமோட்' கேட்டு வந்தவர்களுக்கு இரட்டைக் காபரேட்டரின் அருமையை விளக்கினான். பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் வுழூச் செய்து கைகால் கழுவுகிற இடத்துக்கு எத்தனை குழாய் என்று கேட்டபோது "ரெண்டு, ஆனா ரெண்டும் ஒரே அளவு காத்து இழுக்கணும்" என்று பதில் சொன்னதாகக் கேள்வி.

அந்த இரட்டைக் காபரேட்டர்தான் அஸீமாவை ஷெட்டுக்குள் இழுத்தது. இரண்டும் ஒரே அளவாகக் காற்றிழுக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் நொண்டும். அதை அறிய, ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு காபரேட்டரின் வாயிலும் பிடித்துக் கேட்க வேண்டும். முனாஸ் கடையிலிருந்து ஒரு ஷவர் குழாயை வெட்டிக்கொண்டு வந்து மூன்று நாள் காதில் வைத்துப் பார்த்தான். அவனுக்குக் கேட்டது எல்லாம் ஷவர்தான். தினேஸுக்கு ஒரு காது சரியில்லை.

சமையலறையில் நின்ற அஸீமாவுக்கு அந்த நொண்டலைக் கேட்டுப் பல் கூசியது. கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டு வந்து குழாயைப் பிடுங்கினாள்.

"பின்னால ஈக்கிறது மிச்சமா இழுக்குது," என்றாள். "கொஞ்சம் குறைங்க. இன்னம் கொஞ்சம். போதும்."

எஞ்சின் சட்டென்று ஒரே குரலாகப் பாடியது. கியர் மாற்றத் தெரியாத பெண்களின் பக்கத்தில் இருபது வருடம் இருந்தவள் அவள். எஞ்சின் முனகுகிறதா, கத்துகிறதா, சுகமாக இருக்கிறதா என்பது அவளுக்குப் பிள்ளையின் அழுகை மாதிரி. தினேஸ் முனாஸைப் பார்த்தான். முனாஸ் ஷவர் குழாயைப் பார்த்தான். அதற்குப் பிறகு கத்தரிக்காய் அடிக்கடி பாதியில் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை, முனாஸ் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம், அவள் மிட்ஜெட்டைத் தெருவுக்கு எடுத்தாள். ஊரில் ஆண்கள் ஒருவர்கூட வெளியில் இல்லாத நேரம் அது ஒன்றுதான். வளைவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து ஷெட்டில் விட்டாள். தான் உட்கார்ந்த இடமே நிலத்தில் உரசுகிற மாதிரி இருந்தது. ரோட்டில் கிடந்த சின்னக் கல்கூடத் தெரிந்தது. தினேஸ் கதவுக்குப் பக்கத்தில் நின்று ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"நான் ஒண்ணும் பாக்கலக்கா," என்றான்.

போட்டிக்கென்று இன்னும் எவ்வளவோ பூட்ட வேண்டியிருந்தது. தீயணைக்கும் சிலிண்டர், வெளியிலிருந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச், தோளையும் இடுப்பையும் கட்டுகிற பெல்ட், கார் குப்புற விழுந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் வளைத்த இரும்புக் குழாய். கடையில் கிடந்த நீர்க்குழாயே போதும் என்றான் முனாஸ். "அத வச்சா உங்க ஜனாஸா ஊர்வலத்துக்கும் நான்தான் காரோட்டணும்" என்று தினேஸ் சாமானைக் கீழே போட்டான். சரியான குழாய் வந்தது. அது வந்ததும் சீட் முன்னால் நகர்ந்தது. சீட் நகர்ந்ததும் ஸ்டியரிங் முனாஸின் வயிற்றைத் தொட்டது. மூச்சை இழுத்துக்கொண்டால் சரியாக இருக்கிறது என்றான். ஒரு காருக்கு இரண்டு பேரைப் பதியலாம் என்றதால், ஒரு மரியாதைக்கு அஸீமாவின் பெயரையும் கொடுத்திருந்தான். அவளும் வைத்தியச் சோதனைக்குப் போய்விட்டு வந்தாள். கண்ணும் காதும் இதயமும் முதல்தரம் என்று டொக்டர் சொன்னதை ஒரு வாரம் எல்லாரிடமும் சொன்னாள்.

ஹந்தானையில் அன்று காலையில் மூடுபனி. தேயிலைக்கு நடுவே தார் ரோட்டில் பழைய கார்கள் வரிசையாக நின்றன. கண்டியில் பல் டொக்டராக இருக்கும் ஸைத் ஒரு சிவப்பு ட்ரையம்ப் கொண்டு வந்திருந்தார். அதன் மீது முகம் பார்த்துத் தலைவாரலாம்.

"முனாஸ், ஒங்கட வண்டி ஏறுமா? நாங்க தள்ளணுமா?" என்றார்.

"பின்னால நிண்டு பாருங்க, டொக்டர்," என்றான் முனாஸ் பெருமையாக. அவனுக்கென்றே தைத்த நீல ஓவரோலில் பந்தயக்காரனைவிட எரிவாயு சிலிண்டர் மாதிரிதான் இருந்தான். ஆனால் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

பரிசோதகர் ஒரு மெலிந்த சிங்களக் கிழவர். பிரேக்கைப் பார்த்தார், பெல்ட்டை இழுத்தார், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு, ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பெல்ட் பூட்டிவிட்டு, பத்து எண்ணுவதற்குள் வெளியே வரச் சொன்னார். தீப்பிடித்தால் ஆள் தப்ப வேண்டுமே.

முனாஸ் உள்ளே போனான். அதற்கே கொஞ்சம் நேரம் எடுத்தது. "எகாய், தெகாய்" என்று கிழவர் சிங்களத்தில் எண்ணத் தொடங்கினார். முனாஸ் பெல்ட்டைக் கழற்றினான். எழும்பினான். வயிறு ஸ்டியரிங்கின் கீழே, முதுகு குழாயின் மேலே. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பத்து போனது. இருபது போனது. கிழவர் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

தினேஸ் ஒரு கையைப் பிடித்தான். யாரோ ஒருவர் மறு கையைப் பிடித்தார். டொக்டர் ஸைத் கிட்ட வந்து பார்த்தார்.

"பல்லுண்டா நானே புடுங்கியிருப்பன்," என்றார். "இதுக்கு ஆஸ்பத்திரிக்கு எழுதணும்."

கடைசியில் ஸ்டியரிங்கையே கழற்றித்தான் ஆளை எடுத்தார்கள். முனாஸ் ஒரு டயரின் மேல் போய் உட்கார்ந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தேயிலையைப் பார்த்தான். சிரித்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்கள். அஸீமாவுக்கும் சிரிப்பு வந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள் இருந்த அந்தக் கண்களைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"ஏத்துங்க லொறியில," என்றான் தினேஸிடம். "வீட்டுக்குப் போவம்."

"ஏன்?" என்றாள் அஸீமா. "எண்ட பேரும் ஈக்கே."

"அது சும்மா கொடுத்தது."

"எண்ட ஷெட்டையும் சும்மாவா எடுத்தீங்க? நீங்க எறங்கினீங்கண்டு வண்டியும் எறங்கணுமா?"

"அஸீமா, ஒனக்கு நாப்பதுக்கு மேல போகத் தெரியாது."

அவன் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அவனுடைய ஓவரோலை வாங்கி உடுப்புக்கு மேலே மாட்டினாள். உள்ளே இன்னொரு அஸீமாவுக்கும் இடமிருந்தது. கைகளை மடித்துவிட்டு, தினேஸின் கயிறு ஒன்றை இடுப்பில் கட்டி, ஸ்கார்ஃபுக்கு மேலே ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டாள். தினேஸ் ஸ்டியரிங்கைத் திரும்பப் பூட்டியதும் உள்ளே போய் உட்கார்ந்தாள்; கிழவர் எண்ணி ஐந்துக்கு வருமுன் ரோட்டில் நின்றாள்.

கொடி விழுந்தது. முதல் இரண்டு வளைவுகளை அவள் பயிற்சிக்கார் ஓட்டுகிற மாதிரியே ஓட்டினாள்; கண்ணாடி பார்த்தாள், கையால் சிக்னல்கூடக் காட்டப் போனாள். இடது கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் முனகுவது காதில் விழுந்தது. காபரேட்டர் இரண்டும் பசியோடு இழுக்கின்றன. இவள்தான் கொடுக்க மறுக்கிறாள். ரோடு நேரானது. அஸீமா பிஸ்மி சொல்லிவிட்டு அழுத்தினாள்.

கார் பின்னாலிருந்து யாரோ தள்ளியது மாதிரிப் பாய்ந்தது. தேயிலை பச்சையாக வழிந்து ஓடியது. கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் நழுவி முன்னுக்கு வரப் பார்த்தது; கை தானாகவே ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்ப, கார் நேரானது. அப்போது அடியில் எதுவோ 'டங்' என்று கழன்று விழுந்தது. அதோடு மிட்ஜெட் காட்டு எருமை மாதிரிக் கத்தத் தொடங்கியது. நிறுத்தவா என்று ஒரு கணம் யோசித்தாள். நிறுத்தவில்லை. முடிவுக்கோட்டில் நின்ற இளைஞன் காதைப் பொத்திக்கொண்டு கொடியை அசைத்தான்.

ஆறு பேரில் அவள் நான்காவது. டொக்டர் ஸைத் ஐந்தாவது. டயரில் காற்று சரியில்லை என்று அவர் பல பேருக்கு விளக்கினார்.

மேலே மதிலில் உட்கார்ந்து அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதையால் ஒருவன் ஏறி வந்தான். முனாஸ். கையில் சாக்கில் சுற்றிய சைலன்ஸர். முகம் பீட்ரூட் நிறம். பேச முடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மேல் வளைவுல," என்றான் மூச்சு வந்ததும், "ரெண்டாவது கியருக்கு வர லேட்டு."

"தெரியும்."

"நேர்ல நல்லா விட்டாய்."

"கண்டீங்களா?"

"கேட்டன். முழு ஹந்தானைக்கும் கேட்டிச்சி." சைலன்ஸரை இருவருக்கும் நடுவே வைத்தான். கை சுட்டிருந்தது; ஊதிக்கொண்டான். "எப்படி ஈந்திச்சி?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அவன் ஆசைப்பட்ட சாமானைத் தான் தின்றுவிட்டுச் சுவையை விவரிப்பதுபோல் ஆகிவிடுமோ என்று பட்டது.

"ஒங்களுக்குப் புடிச்சிருக்கும்," என்றாள்.

முனாஸ் சைலன்ஸரைச் சாக்கால் மறுபடி சுற்றினான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பகலைக்கு இன்னொரு ஓட்டம் ஈக்கி," என்றான். "அந்த வளைவுக்குக் கொஞ்சம் முந்தியே பிரேக் புடி."

பிற்பகலில் அவள் பிரேக்கை முந்தியும் பிடிக்கவில்லை, பிந்தியும் பிடிக்கவில்லை, பிடிக்கவே மறந்துவிட்டாள். மிட்ஜெட் அதே வளைவில் ஒன்றரை வட்டம் அடித்து, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு ரோட்டோரக் கானுக்குள் பின்பக்கமாக உட்கார்ந்தது. பின் மட்காட் தேயிலை மரமொன்றோடு மோதி நசுங்கியது. அஸீமாவுக்கு ஒரு கீறலும் இல்லை. ஓவரோலுக்குள் எங்கேயோ ஒரு தேயிலைக் கொப்பு புகுந்திருந்தது.

முதலில் ஓடி வந்தவன் தினேஸ். அவனுக்குப் பின்னால் முனாஸ். அஸீமா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஏச்சுக்குத் தயாரானாள். அவன் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தான், பிறகு குனிந்து மட்காட்டைத் தடவினான்.

"டிங்கரிங் ஒரு கெழமை," என்றான் தினேஸ்.

"பெயின்ட்டோட ரெண்டு," என்றான் முனாஸ். அவன் குரலில் துக்கம் கொஞ்சமும் இல்லை. இரண்டு கிழமை அதோடு கிடக்கலாம் என்ற சந்தோஷம்தான் இருந்தது. கைகளை உரசிக்கொண்டு அவளைப் பார்த்தான். "நுவரெலியாவிலயும் ஒண்டு நடக்குதாம். அதுக்கு முந்தி ஒனக்கு அளவா ஒரு ஓவரோல் தைக்கணும்."

கயிறு வந்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இழுக்கத் தொடங்கினார்கள்.