திருகாணியில் கை வைக்காதவர்

பழைய ராணுவக் கைத்துப்பாக்கி சேர்ப்பவர்களில் சிலர் வாங்கிய அன்றே கழற்றிப் பார்த்துவிடுவார்கள். சூசைராஜ் திருகாணியில் கையே வைக்கமாட்டார். இருநூறு வருஷம் அசையாமல் கிடந்ததைத் திருகினால் திருகாணியின் தலை சிதையும், அப்புறம் பொருளே போச்சு என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மனைவி அமலராணி மிக்சியைக் கழற்றினாலே பதறிப்போகிற மனுஷன்.

வீட்டில் ஐந்து துப்பாக்கிகள் சான்றிதழோடு இருந்தன. ஆறாவதுதான் அவர் உயிர். பிரெஞ்சுக் குதிரைப்படையில் இருந்தது, குழல்வாய் வழியே வெடிமருந்து திணித்துச் சுடுவது. குழலின் மேல் 1823 என்று பொடியாக முத்திரை இருக்கும்; அதன் வயதுக்கு அவருக்குத் தெரிந்த ஒரே அத்தாட்சி அதுதான். தொல்பொருள்தான் என்று நிபுணர் எழுதிக் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் போலீஸ் எடுத்துப்போய் உருக்கிவிடும். இரண்டு வருஷம் அலைந்த பிறகு, நிபுணர் வெண்மதி இன்று மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

போன வாரம் மகள் பிரசவத்துக்குத் திருச்சி போகும்போது, பூட்டிய வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கிளிஞ்சல்மேட்டில் படகு இன்ஜின் பட்டறை வைத்திருக்கும் மைத்துனன் மார்ட்டினிடம் ஒப்படைத்தார். "துரு ஏறாம பாத்துக்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டும் போனார். கடலோரத்து மெக்கானிக்கிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

மதியம் ஒரு மணிக்குப் பட்டறைக்கு வந்தவரிடம் மார்ட்டின் பெருமையோடு நீட்டினான். துப்பாக்கி வெள்ளி நிறத்தில் மின்னியது.

"உப்புக் காத்து அத்தான், சும்மா விட்டா தின்னுபுடும். கிரைண்டர் போட்டு, ரெட் ஆக்சைடு குடுத்து, மேல ரெண்டு கோட்டு சில்வர் அடிச்சிருக்கேன். பத்து வருஷத்துக்குக் கவலயே இல்ல."

தின்னர் ஊற்றிப் பெயின்ட்டைத் துடைத்துப் பார்த்தார். வழவழவென்று வெறும் இரும்பு. முத்திரை இருந்த சுவடே இல்லை. சூசைராஜ் வாய்விட்டு அழுதார். இவனைச் சுட்டுத் தள்ளினால் என்ன என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, கையில் இருந்தது சுட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மார்ட்டினுக்கு விஷயம் புரிந்ததும் முகம் செத்துவிட்டது. மெல்லச் சொன்னான். "அத்தான், இன்ஜின்ல நம்பர் அடிக்கிற பஞ்ச் இருக்கு."

போலி முத்திரை அடிப்பவன் பெயரைக் கேட்டாலே காறித் துப்புகிறவர் சூசைராஜ். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை.

"சின்ன சைஸ் இருக்கா?" என்றார்.

மார்ட்டின் பஞ்சை எடுத்துக் கொடுக்க, அவரே அடித்தார். ஒன்று, எட்டு, இரண்டு, மூன்று. மீதிப் பெயின்ட்டையும் துடைத்தெடுத்து, குழல் முழுக்க உப்புத் தண்ணீர் தொட்டு, கரித்தூள் தேய்த்துப் பழசாக்கினார். மார்ட்டினையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வெண்மதி சொன்ன நேரத்துக்கு வந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தார். பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"திருகாணி வேண்டாம்மா!"

"பயப்படாதீங்க சார், கழட்டத்தானே வச்சிருக்கான்."

ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். திருகாணி சத்தமில்லாமல் வெளியே வந்தது. மரக்கட்டையிலிருந்து குழலைத் தூக்கித் திருப்பினார். இத்தனை வருஷம் மரத்துக்குள் மறைந்திருந்த அடிப்பக்கத்தில், படைக்கல ஆலையின் முத்திரையோடு 1823, நேற்று அடித்தது மாதிரி இருந்தது.

"இருக்கு! இருக்குல்லம்மா!" சூசைராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"அசல்தான் சார். மேல உள்ளது தேஞ்சு போயிருந்தாக்கூட, இத வச்சே எழுதிக் குடுத்திருப்பேன்." குழலை மறுபடி திருப்பினார். "இந்த நாலு நம்பர யாருங்க அடிச்சது?"

வாசலில் நின்ற மார்ட்டின், "நான்தான் மேடம்..." என்று ஆரம்பித்தான்.

"நான் அடிச்சேன்மா" என்றார் சூசைராஜ்.

வெண்மதி பேனாவை மூடினார். "முத்திரையத் திருத்தின ஆயுதத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாதுங்க. மன்னிச்சுக்குங்க."

அவர் போன பிறகு, மேசைமேல் கிடந்த திருகாணியை சூசைராஜ் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையில் ஒரு கீறல்கூட இல்லை.