நாலாவது பிள்ளையின் பங்கு

பஸ்கா பண்டிகைக்கு முந்தின வாரம் எங்கள் பேட்டையான கால்ஃபீல்டில் எந்த யூத வீட்டுக்குள் நுழைந்தாலும் பெண்கள் முழங்காலில்தான் இருப்பார்கள். பக்தியால் அல்ல, அலமாரிக்கு அடியில் ரொட்டித் தூள் கிடக்கிறதா என்று தேடுவதற்காக. பண்டிகையின்போது புளித்த மாவுத் துணுக்கு ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது. அக்கா பெனினாவும் நானும் அப்பாவின் அடுப்படியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவினோம். அண்ணன் அகிவா எட்டிப் பார்க்கவில்லை. பஸ்கா விருந்தன்று வருவான், வழக்கப்படி தலையணை வைத்த நாற்காலியில் சாய்வான். வக்கீல்களுக்கு முழங்கால் மடங்காது போலிருக்கிறது.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், பேச வராதவர்களுக்கும் சில சமயம் பாட்டு வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அக்கா அவர் எதிரே உட்கார்ந்து மேசையைத் தட்டிக்கொண்டே ஒரே வரியைப் பாடினாள். "பசித்தவர் எல்லோரும் வந்து சாப்பிடட்டும்." விருந்து தொடங்கும்போது வீட்டுத் தலைவர் புளிப்பில்லா ரொட்டித் தட்டைத் தூக்கிப் பிடித்துச் சொல்கிற வரி அது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்பாதான் சொல்லிவந்தார். இந்த வருஷமும் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. அந்தத் தட்டை யாராவது துடைக்க எடுத்தால்கூட என்னுடையது என்று இடது கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்.

அக்காவுக்குத் திக்குவாய். பாடும்போது மட்டும் திக்காது.

விருந்தில் படிக்கிற பஸ்கா புத்தகத்தில் நாலு பிள்ளைகள் வருவார்கள். அறிவாளி, துஷ்டன், வெகுளி, கேள்வி கேட்கவே தெரியாதவன். அப்பா ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அறிவாளி அகிவா. ஜெப ஆலயத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத நான் துஷ்டன், அதில் எனக்குப் பெருமைதான். வெகுளியின் பங்கு அகிவாவின் மனைவி லியோராவுக்கு. நாலாவது பெனினா. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, விருந்தில் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளைக் கேட்கச் சொல்லி அவளை எழுப்பி நிறுத்தினார். "பா... பாடட்டுமாப்பா?" என்றாள். "இதென்ன கச்சேரியா? பேசு" என்றார். முதல் எழுத்திலேயே சிக்கிக்கொண்டாள். மேசையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உக்காரு, சூப் ஆறுது. கேக்கத் தெரியாத பிள்ளைக்கும் புத்தகத்துல இடம் வெச்சிருக்காங்க" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் வருஷா வருஷம் அதே பங்கு, அதே சிரிப்பு. ஒரு தடவை சிட்னியிலிருந்து அவளைப் பெண் பார்க்க ஒரு கடிகாரக்காரர் விருந்துக்கு வந்தார். நல்ல மனிதர். அவர் முன்னாலும் அப்பா விடவில்லை. "இவ வாயைத் திறக்கிறதுக்குள்ள மேசியாவே வந்துடுவார், மாப்பிள்ளை!" மாப்பிள்ளை மறுபடி வரவில்லை. ஐம்பது வயது தாண்டியும் அக்கா அப்பாவோடு அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

விருந்துக்கு முதல் நாள் அப்பாவுக்கு அந்த வரி முழுசாக வந்துவிட்டது. குரல் நடுங்கினாலும் ஒரு சொல் விடாமல் பாடினார். பாடி முடித்துவிட்டு அழுதார். அக்கா அவர் தலையில் முத்தமிட்டுவிட்டு, விருந்துத் தட்டில் கசப்புக்காக வைக்கிற காரக் கிழங்கைத் துருவ உட்கார்ந்தாள். அவள் கன்னத்தில் நீர் வழிந்தது. இப்படியும் ஒரு மனசா என்று நானும் அழுதேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் கண்ணீருக்குக் காரணம் கிழங்கு.

விருந்தன்று அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு மேசைத் தலைமாட்டில் உட்காரவைத்தோம். இடது கையைத் தட்டின் மேல் வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தார், எப்போது மேசையைத் தட்டித் தாளம் கொடுப்பாள் என்று. அக்கா அந்தக் கைக்கு அடியிலிருந்து தட்டை உருவி அகிவாவிடம் நீட்டினாள்.

"நீ சொல்லுடா."

"அப்பா பழகியிருக்கார்னு திர்சா சொன்னாளே?" என்று அகிவா என்னைப் பார்த்தான்.

"ப... பழகினா? அவர் முடிக்கிறதுக்குள்ள சூப் ஆறிடும்."

அகிவா வாங்கிக்கொண்டான். அந்தத் தட்டின் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். அப்பா "ஆ, ஆ" என்றார். அகிவா குரலை உயர்த்திச் சொல்லி முடித்தான்.

நாலு பிள்ளைகள் வந்தபோது அக்கா அப்பாவின் புத்தகத்தைத் திறந்து விரலால் காட்டினாள். "நாலாவது அ... அப்பாவுக்கு." லியோரா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, வேணாம்" என்றேன்.

"துஷ்டப் பிள்ளை நீதானே? உன் பங்கைப் படிடி."

படித்தேன். அப்பாவின் பங்கை அக்காவே பாடினாள், ஓர் எழுத்துகூடத் திக்காமல். பாடி முடிக்கும்வரை அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சூப் வந்தது. எல்லோரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேசையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்பா தன் இடது கையால் தானே தாளம் போட்டுக்கொண்டு பாடினார். "பசித்தவர் எல்லோரும் வந்து சாப்பிடட்டும்." முழு வரியும் வந்துவிட்டது. கரண்டிகள் அப்படியே நின்றன.

"அப்பாவுக்குப் பசிக்குதாம்" என்று சொல்லிவிட்டு, அக்கா சூப்பில் கிடந்த மாவு உருண்டையை மசித்து அவர் வாயில் ஊட்டினாள். மோவாயைத் துடைத்துவிட்டாள். அவர் விழுங்கினார். பெற்ற தகப்பனைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளே எங்கேயோ குளுகுளுவென்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். எங்கள் ஊரில் பஸ்கா விருந்து இரண்டு ராத்திரி. காலையில் நான் எழுந்து வந்தபோது, அக்கா அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து நேரமாயிடுச்சுப்பா. இன்னிக்கு ராத்திரி த... தட்டு உங்க கையிலதான். எங்க, பாடுங்க பார்ப்போம்."

அது பொய் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். அக்கா மேசையைத் தட்டினாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து முதல் சொல்லிலிருந்து பாட ஆரம்பித்தார்.