ஏழாம் மாசம்

கஞ்சிக்கோடு தாண்டியதும் சௌதா கார்க் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியில் கை வைத்தாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த சிக்கந்தர் திரும்பிப் பார்க்காமலே, "ஏத்தியே இருக்கட்டும்" என்றார்.

"மூச்சு முட்டுதுங்க. போத்தின துப்பட்டியெல்லாம் வேர்வையில நனைஞ்சு போச்சு."

"காத்து படக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னது மறந்து போச்சா?"

டாக்டரம்மா அவளிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. புருஷனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். மாதம் ஒருமுறை இந்தச் சண்டை நடக்கும். மாதம் ஒருமுறை அவள்தான் தோற்பாள். தோற்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். நிக்காஹ் ஆகி ஒன்பது வருஷம், மடியில் பிள்ளை இல்லை. வேறு பெண் பார்க்கச் சொல்லி மாமியார் மகனை அரித்தெடுக்க, பலசரக்குக் கடைக்காரரான அவரோ பழைய ஆஸ்டின் ஒன்றை வாங்கி, மாதாமாதம் அவளைக் கோயம்புத்தூருக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப் போகிறார். எந்தப் புருஷன் செய்வான்? நாத்தனாரிடம் இதைக் கொஞ்சம் கூட்டியே சொல்லுவாள். அவள் வயிறு எரியட்டுமே. அதற்காக ஒருநாள் புழுக்கத்தில் வேகலாம், தப்பில்லை.

அரிசிக் கட்டுப்பாடு இருந்த காலம். ஜில்லா எல்லையான வாளையாரில் ஒவ்வொரு வண்டியையும் குடைந்து பார்ப்பார்கள். இவர்கள் காரை மட்டும் தொடுவதில்லை. ஜன்னலில் திரைச்சீலை போட்ட, கோஷாப் பெண் இருக்கும் வண்டி என்ற மரியாதை போலும் என்று சௌதா நினைத்திருந்தாள். அன்றும் சிக்கந்தர் இறங்கிப் போய்க் ஏட்டு பெரியமுத்துவிடம் பேசினார். அவர் முதுகு திரும்பியதும் அவள் கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கினாள். காற்றோடு பேச்சும் உள்ளே வந்தது.

"பீவிக்கு எத்தனாவது மாசம், ராவுத்தரே?"

"ஏழுங்க, ஏட்டய்யா."

"போன தடவ ஆறுன்னீங்க, சரிதான். வேற வண்டின்னா சீட்டத் தூக்கிப் பாக்காம விடமாட்டேன். புள்ளத்தாச்சிய வெயில்ல எறக்கி நிறுத்துனா பாவமில்ல? போயிட்டு வாங்க. நல்லபடியாப் பொறக்கட்டும்."

யாருக்கு ஏழு மாசம்? ஒரு கணம் சௌதாவுக்கு விளங்கவில்லை. பிறகு உட்கார்ந்திருந்த சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தாள். போகும்போது மேடாகவும் திரும்பும்போது பள்ளமாகவும் இருக்கும் சீட். ஸ்பிரிங் பழசு என்று அவர் சொன்னதை அவளும் நம்பியிருந்தாள். ஓரத்தில் விரலை நுழைத்தாள். சாக்கு தட்டுப்பட்டது. உள்ளே அரிசி நெருடியது.

கண்ணாடியை ஏற்றி வைத்தது காற்றுக்காக இல்லை, அவள் காதுக்காக. அரிசியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள், அவளும் கடைக்காரர் வீட்டுப் பெண்தான், சொல்லியிருந்தால் மூட்டைமேல் அசையாமல் உட்கார்ந்து வந்திருப்பாள். ஆனால் மூணு, நாலு, அஞ்சு என்று மாசம் தவறாமல், அவளுக்கு இல்லாத பிள்ளையை இந்த மனுஷன் ரோட்டோரத்தில் நின்று வளர்த்திருக்கிறார். ஒன்பது வருஷம் மாமியார் பேசிய எந்தப் பேச்சும் அவளை இப்படி அறுத்ததில்லை.

கார் காட்டு ரோட்டில் ஏறியதும் கேட்டாள். "பத்து மாசம் முடிஞ்சா அந்த ஏட்டய்யாகிட்ட என்ன சொல்லுவீங்க?"

எதிரே வந்த லாரிக்கு அவர் வண்டியை ஒதுக்கி வழிவிட்டார். பிறகு, கடைக்கு வந்தவனிடம் சரக்கு இல்லையென்று சொல்லும் குரலில், "செத்துப் பொறந்துச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

சௌதா கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி முழுக்க இறங்கியது. திரைச்சீலை வெளியே பறந்து படபடத்தது. லாரி கிளப்பிவிட்டுப் போன புழுதி உள்ளே வந்து அவள் வெள்ளைத் துப்பட்டியிலும் மடியிலும் செக்கச் செவேலென்று படிந்தது. அவள் தட்டிவிடவில்லை. ஏத்து என்று அவரும் சொல்லவில்லை.