காக்கியும் காலித் தொட்டியும்

கோதண்டராமன் தீயணைப்புத் துறையில் முப்பத்தோரு வருஷம் இருந்து, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வுபெற்றவர். செஞ்சி கடைத்தெருவில் அவர் நடந்து வந்தால் இன்னும் இரண்டு பேராவது பீடியை மறைப்பார்கள். அப்படிப்பட்டவரின் மகன் ஆனந்தராஜ் பழைய வேன் ஒன்றை வாங்கி, பிறந்தநாளுக்கும் பள்ளி விழாவுக்கும் வாடகைக்கு விட ஃபயர் வண்டி மாதிரி மாற்றுகிறான் என்று தெரிந்ததும் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே பட்டறைக்குப் போனார்.

"செய்யறதுன்னா ஒழுங்கா செய். என் உத்தியோகத்தை கோமாளி வேஷமா ஆக்கிடாத."

அதற்குப் பிறகு எல்லாம் அவர் சொன்னபடிதான். சிவப்பு சரியில்லை என்று மூன்று முறை மாற்றி அடிக்கவைத்தார். ஏணி, மணி, சுருட்டிய கான்வாஸ் குழாய், அதன் பித்தளை மூக்கு, எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. தண்ணீர்த் தொட்டி மட்டும் தகரமும் ப்ளைவுட்டும். உள்ளே பாட்டுப் போட ஸ்பீக்கர்.

பெயின்டர் பீமாராவ் பக்கவாட்டில் 'காட்சி வண்டி' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் கடுத்தது.

"அத சுரண்டு."

"யாராவது நெசம்னு நெனச்சிக்கப் போறாங்க சார்."

"நெனைக்கட்டும். நெனைக்கிற மாதிரி இருந்தாத்தான் அது வண்டி."

பீமாராவ் சுரண்டினார்.

முதல் வாடகை அனந்தபுரத்தில் ஒரு பள்ளி விழா. பெட்டியிலிருந்த காக்கியை எடுத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கோதண்டராமன் முன்சீட்டில் ஏறியதும் மகனுக்கு வாயெல்லாம் பல்.

"நைனா, இன்னிக்கி பசங்க வண்டியப் பாக்காது, உன்னைத்தான் பாக்கும்."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

பாதி வழியில், சாலையை ஒட்டிய களத்தில் வைக்கோல் போர் எரிந்துகொண்டிருந்தது. தீ பக்கத்து மாட்டுக்கொட்டகைக்குத் தாவியிருந்தது. பம்புசெட்டிலிருந்து கொட்டகை வரை ஆட்கள் வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் அவர் குதித்து ஓடினார்.

வண்டியையும் காக்கியையும் பார்த்துவிட்டு யாரோ, "ஃபயர் சர்வீஸ் வந்துட்டாங்க, வழி விடுங்க" என்றார். எல்லோரும் குடங்களைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

"வெக்காதீங்க. ஊத்துங்க, ஊத்துங்க" என்று கோதண்டராமன் கத்தியது யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு வாலிபர்கள் குழாயை இழுத்துப் பிரித்துத் திறந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. வீட்டுக்காரி மீனம்பாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடு உள்ள இருக்குது ஐயா. செனை மாடு."

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். மற்றவர்களும் எடுத்தார்கள். அதற்குள் கூரை உள்ளே இறங்கிவிட்டது. மாட்டின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

மறுநாள் காலை வேட்டி சட்டையில், தனியாக, பஸ்ஸில் போய் இறங்கினார். மீனம்பாள் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்து, கை கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடிங்க ஐயா. உங்க மேல இன்னா தப்பு? அதுக்கு முன்ன எங்கியோ அணைச்சிட்டு வந்திருப்பீங்க. வண்டியில தண்ணி தீந்துபோயிருக்கும்."

அவளே ஒரு காரணத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். தலையாட்டிவிட்டு வந்தால் போதும். முப்பத்தோரு வருஷமும் கறைபடாமல் அப்படியே இருக்கும்.

"தீந்துபோகலம்மா" என்றார். "அதுல தண்ணியே கெடையாது. வேடிக்கை வண்டி. அப்படி எழுதியிருந்தத நான்தான் சுரண்டச் சொன்னேன்."

மீனம்பாள் அவரையே பார்த்தாள். பிறகு கட்டுத்தறியைப் பார்த்தாள். அதில் கருகிய கயிறு முடிச்சு அவிழாமல் கிடந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சொம்பை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. அதைக் குடிக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல், கோதண்டராமன் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.