செம்பு நிற டேலியா

சந்தையில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் டேலியா அக்கா. அவளுடைய முக்கால் ஏக்கரில் பாதிக்கு மேல் டேலியாப் பூதான். வெட்டிக் கட்டுக் கட்டாக வாளியில் வைத்து, விடிந்ததும் சந்தைக்குக் கொண்டுபோவாள்.

ஒரு வருஷம் அவளே விதை எடுத்து முளைக்க வைத்த நாற்பது செடிகளில் ஒன்று யாரும் பார்த்திராத நிறத்தில் பூத்தது. துலக்கிய செம்பின் நிறம், இதழ் ஓரத்தில் மட்டும் பால் வெள்ளை. மற்ற டேலியாக்கள் மூன்றாம் நாள் தலை தொங்கிவிடும்; இது ஒரு வாரம் தாங்கியது. விதை போட்டால் அதே பூ வராது, கிழங்கைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். ஒன்றை நாலாக்கி, நாலைப் பதினைந்தாக்கி, ஐந்து வருஷத்தில் இருநூறு செடி ஆக்கினாள். மேடை அலங்காரம் செய்யும் ஒரு பெண்மணி அத்தனை பூவையும் வாங்கிக்கொண்டாள்.

"வேற யார் கேட்டாலும் இல்லன்னு சொல்லிடுங்கக்கா. இது எனக்கு மட்டும்தான்."

அந்த வருஷம் பூ முடிந்த சமயத்தில் ஈரப் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். பெருமழை வருவதற்குள் கிழங்குகளைத் தோண்டி எடுக்காவிட்டால் அழுகிவிடும். தம்பி வந்தான். மூன்று தொழில் செய்து மூன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டவன்.

"நான் இருக்கேன்ல. நீ காலை நீட்டிப் படுத்துக்கக்கா."

நாலு நாள் மண்வெட்டியும் கையுமாக நின்று தோண்டினான். மரப்பெட்டிகளில் மரத்தூள் பரப்பி, கிழங்குகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் நிறத்தை எழுதி ஒட்டினான். "என் புள்ள தங்கம்" என்றாள் அம்மா. டேலியா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மாதமே அவனுக்கு ஊருக்கு வெளியே இருந்த பெரிய பூப்பண்ணையில் மேற்பார்வை வேலை கிடைத்தபோது அவளைவிடச் சந்தோஷப்பட்டவர் இல்லை.

மழை ஓய்ந்ததும், 'செம்பு' என்று எழுதிய பெட்டிகளைத் திறந்து நட்டாள். முதல் மொட்டு ரோஸ் நிறத்தில் விரிந்தது. ஏதோ ஒரு கிழங்கு பெட்டி மாறி விழுந்துவிட்டது போல என்று நினைத்தாள். வாரம் முடிவதற்குள் இருநூறும் ரோஸ். எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண ரோஸ். மற்ற பாத்திகளில் தேடினாள். செம்பு ஒன்றுகூட இல்லை.

அலங்காரக்காரிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"பரவாயில்லக்கா. எனக்கு வேற இடத்துல கிடைச்சிடுச்சு" என்றாள் அவள், கொஞ்சம் தயங்கி.

மறுநாள் சந்தையில் பண்ணை வண்டியிலிருந்து வாளிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாளி நிறையச் செம்பு நிறம், ஓரத்தில் பால் வெள்ளை; இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் தம்பி கையில் பட்டியலோடு நின்றான். அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தனை கிழங்குடா குடுத்த?"

"எல்லாம்."

"நீ கேட்டிருந்தா பாதியை நானே குடுத்திருப்பேனேடா."

"தெரியும்க்கா. பண்ணைக்காரங்களுக்குப் பாதி வேண்டாம். வேற யார்கிட்டயும் இருக்கக் கூடாதுன்னாங்க. அதுக்குத்தான் இந்த வேலையே."

"அப்ப அந்த ரோஸ் கிழங்கு?"

"அதுவும் அவங்க குடுத்ததுதான். கிழங்கைப் பார்த்தா நிறம் தெரியாதுல்ல."

வீட்டில் சொன்னபோது அம்மா, "நாப்பது வயசுல இப்பதான் ஒரு இடத்துல நிலைச்சிருக்கான். அவன் வயித்துல அடிச்சிடாதடி. பூதானே, நீ வேற வளர்த்துக்க மாட்டியா?" என்றாள்.

காவல் நிலையத்துக்கும் போனாள். என்ன திருட்டுப் போச்சு என்று கேட்டார் புகார் எழுதுகிறவர். கிழங்கு என்றாள். "சமைக்கிற கிழங்காம்மா?" என்று அவர் கேட்டதும் பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்துவிட்டார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

கிழங்கு கேட்டுப் போனவளைப் பண்ணை அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கிழங்கு விற்பதில்லை, வெட்டின பூ மட்டும்தான் என்றார்கள். அக்கா என்பதால் விலையில் கொஞ்சம் குறைத்துத் தருகிறோம் என்றும் சொன்னார்கள். யாருடைய அக்கா என்று அவர்கள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதன்பின் அவள் தம்பியோடு பேசவில்லை. அவன் வந்தால் தோட்டத்துக்குப் போய்விடுவாள். இரண்டு வருஷமாக மறுபடி விதை போட்டுப் பார்க்கிறாள். மஞ்சள் வந்தது, ஊதா வந்தது, சாயம் போன துணி மாதிரி ஒரு சிவப்பு வந்தது. ரோஸ்தான் அவள் வீட்டில் இப்போது அடுப்பெரிய வைக்கிறது.

போன வாரம் புதிதாகப் பூக்கடை திறந்த ஒருவர் அவள் வாளிகளைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பண்ணையில செம்பு மாதிரி ஒண்ணு வளர்க்கிறாங்களே, பார்த்திருக்கீங்களா? கொஞ்சம் மெனக்கெட்டா நீங்களும் கொண்டு வரலாமே."

"பார்த்திருக்கேங்க" என்று சொல்லிவிட்டு, அவர் எடுத்து வைத்த ரோஸ் கட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.