நாலாவது இடம்

நடன நிகழ்ச்சியின் நோட்டீஸை ராகேல்தான் படித்துச் சொன்னாள். உச்சிமாகாளிக்கு மலையாள எழுத்து தெரியாது. நோட்டீஸோ ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் இங்கிலீஷ். தம்பானூரில் எழும்பிக்கொண்டிருந்த லாட்ஜ் கட்டடத்தின் முன்னால், மணல் குவியல்மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ராகேல் பாறசாலைக்காரி. ஏழாவது வரைக்கும் மலையாளப் பள்ளியில் படித்தவள்.

“பாரீஸ் கிளேர். நைரோபி ஜோசப். மணிப்பூர்... இது வாயில நுழையல்ல. கண்ணூர் பாலன். நடனம், நாகலக்ஷ்மி. நெறியாள்கை, நாகலக்ஷ்மி.” விரல் கடைசி வரிக்கு வந்தது. “கூட, கட்டடத் தொழிலாளிகள். அவ்வளவுதான்.”

“எம் பேரு?”

“நீ கட்டடத் தொழிலாளிதானே. ஒருத்தியைப் பல பேரா ஆக்கிட்டாங்க பாத்தியா. சந்தோஷப்படு.”

உச்சிமாகாளி சிரிக்கவில்லை. நோட்டீஸை எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆறு வாரத்துக்கு முன்னால், இரண்டாம் மாடிக்குக் கான்கிரீட் போட்ட அன்று, எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்த நாகலக்ஷ்மி சாலையைக் கடந்து வந்தாள். கோட்டை அக்ரஹாரத்துப் பெண். வெளிநாட்டில் நடனம் படித்துத் திரும்பி, பல தேசத்து ஆட்களைச் சேர்த்துப் புதுமாதிரி ஆட்டம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து மேல்தளம் வரை பதினான்கு பெண்கள் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டி கைமாற்றுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வாங்குகிறவள் சட்டிக்கு அடியில் கை கொடுத்து, பாரம் தாங்கத் தயாரானதும் ‘ம்’ என்பாள். அது காதில் விழுந்த பிறகுதான் கொடுக்கிறவள் கையை விடுவாள். அதுவரை கனம் முழுக்கக் கொடுக்கிறவளுடையது. அன்று முழுக்க ஒரு சட்டிகூடக் கீழே விழவில்லை. உச்சிமாகாளிக்கு நாலாவது இடம், படி திரும்புகிற மூலை. இடுப்போடு திரும்பிக் கொடுக்க வேண்டும்.

“இதை எங்க ஆட்டக்காராளுக்கு நீ கத்துக்கொடுக்கணும். எங்களோட மேடையில நிக்கவும் நிக்கணும்,” என்றாள் நாகலக்ஷ்மி. “எங்க குழுவில உசத்தி தாழ்த்தி கிடையாது, கேட்டியா. எல்லார் பேரும் நோட்டீஸ்ல ஒரே அளவு எழுத்தாக்கும்.”

உச்சிமாகாளி அதைக் கேட்டு வாங்கவில்லை. நாகலக்ஷ்மி தானாகச் சொன்னது. அதை நம்பித்தான் வரிசையில் இருந்த பதின்மூன்று பேரிடமும் உச்சிமாகாளி சொல்லிவைத்திருந்தாள். மேஸ்திரி வன்னியராஜ்கூட “நோட்டீஸ்காரி, சட்டியைப் பிடி” என்று கிண்டல் செய்ய ஆரம்பித்திருந்தார்.

ஆட்டக்காரர்கள் முதலில் எட்டு வரை எண்ணி எண்ணிக் கைமாற்றினார்கள். காலிச் சட்டியை வைத்துக்கொண்டு கனமாக இருப்பதுபோல் முகத்தைச் சுளித்தார்கள். உச்சிமாகாளி சட்டிகளில் ஈர மணலை நிரப்பினாள். கிளேரின் கால் நகம் ஒன்று கறுத்துப்போனது. மூன்றாவது வாரம்தான் எண்ணிக்கை நின்று, ‘ம்’ வந்தது. நாகலக்ஷ்மியே மூன்றாவது இடத்தில் நின்று கற்றுக்கொண்டாள்.

சனிக்கிழமை நிகழ்ச்சி. புதன்கிழமை சாயங்காலம் ஒத்திகைக்குப் பத்திரிகைக்காரர்கள் மூன்று பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உச்சிமாகாளி நேராக மேடை ஓரத்துக்குப் போய் நோட்டீஸைப் பிரித்தாள்.

“டீச்சர், இதுல எம் பேரு எங்க?”

நாகலக்ஷ்மி இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். “அதுவா. எடம் போறலை உச்சி. நிகழ்ச்சி நடத்தறவாதான் ஆடறவா பேர் மட்டும் போறும்னுட்டா.”

“அப்ப நான் என்ன பண்ணுதேன்?”

“நீ நெஜமாவே வேலை செய்யறவ. அதுவே பெருமைதானே. இதைப் போய்ப் பெரிசா எடுத்துக்கறயே.”

“உங்க பேரு ரெண்டு தடவ இருக்காம்லா. அதுக்கு மட்டும் எடம் இருந்துச்சோ?”

நாகலக்ஷ்மியின் காது சிவந்தது. “பேப்பர்காரா வந்தாச்சு. அப்பறம் பேசிக்கலாம். போய் நில்லு.”

மேஸ்திரி சொல்கிற அதே ‘போய் நில்லு’. அதே குரல்.

இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தாள். போனால் நாளைக்கே வேறொருத்தியைக் கூட்டிவந்து அந்த மூலையில் நிறுத்துவார்கள். நோட்டீஸைத் திருத்தவும் வேண்டாம்; ‘தொழிலாளிகள்’ யாருக்கும் பொருந்தும். அதை நினைத்ததும் கோபம்தான் வந்தது. போய் நின்றாள்.

மத்தளம் தொடங்கியது. பாலனிடமிருந்து முதல் சட்டி புறப்பட்டது. மணிப்பூர்க்காரப் பெண் வாங்கினாள், ‘ம்’. நாகலக்ஷ்மி வாங்கினாள், ‘ம்’. திரும்பி நீட்டினாள்.

உச்சிமாகாளி சட்டிக்கு அடியில் உள்ளங்கைகளை வைத்தாள். தொட்டாள், தாங்கவில்லை. வாயைத் திறக்கவில்லை.

நாகலக்ஷ்மியின் கைகள் காத்திருந்தன. ஆறு வாரப் பழக்கம், விட முடியவில்லை. விட்டால் மணலோடு சட்டி நான்கு வெறுங்கால்கள் மேல் விழும். பின்னால் அடுத்த சட்டி வந்து நின்றது. மத்தளக்காரர் ஒரு சுற்று கூடுதலாக வாசித்தார்.

“சொல்லு உச்சி,” என்றாள் உதடு அசையாமல்.

“எதைச் சொல்ல?”

“கை நடுங்கறது. விளையாடாதே.”

“நாங்க காலையிலேருந்து சாயங்காலம் வர பிடிப்போம் டீச்சர்.”

“சரி, நோட்டீஸை மாத்தி அடிக்கச் சொல்றேன். சத்தியமா.”

“எங்கிட்ட ஏற்கெனவே சொல்லியாச்சு. அவங்ககிட்ட சொல்லுங்க.” முன்வரிசையைத் தாடையால் காட்டினாள்.

மத்தளம் நின்றது. நாகலக்ஷ்மியின் முழங்கைகள் வெளிப்படையாகவே ஆடின. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. முகத்தை மட்டும் திருப்பி மலையாளத்தில் சொன்னாள்: நாலாவது இடத்தில் நிற்பவர் பெயர் உச்சிமாகாளி, இந்த வரிசை அவருடையது, நோட்டீஸில் விட்டுப்போயிற்று, சனிக்கிழமைக்குள் திருத்தப்படும்.

“விட்டது நீங்கதானே?” என்றாள் உச்சிமாகாளி.

நாகலக்ஷ்மி மறுபடி முன்வரிசைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அதே மலையாளத்தில்: “விட்டது நான்தான்.”

பத்திரிகைக்காரர்களில் ஒருவர் எழுதிக்கொண்டார். மற்ற இருவரும் பேனாவைத் திறக்கவில்லை. உச்சிமாகாளி அதையும் பார்த்துக்கொண்டாள்.

“ம்,” என்றாள்.

கனம் கைக்கு வந்தது. கோபம் அதன் இடத்திலேயே இருந்தது. இடுப்போடு திரும்பி ஜோசப்பிடம் சட்டியை நீட்டி, அவன் குரலுக்காகக் காத்து நின்றாள்.