கிளை மேலாளர் காலியான விதம்

மெத்தைக் கம்பெனியின் கிளை மேலாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தும்மினார். தும்மல் ஓய்ந்த பிறகு அதே தும்மல் அவருடைய மார்புக்குள்ளிருந்து இன்னும் இரண்டு தரம் திரும்பி வந்தது, பாலத்துக்கு அடியில் நின்று கத்தினால் வருமே, அதுபோல. பின்னறையிலிருந்த அவருடைய அப்பா, "யாரும்மா வந்திருக்காங்க?" என்று குரல் கொடுத்தார். மருமகள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். "யாரும் வரல மாமா, உங்க பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டும்போதுதான், ஒரே மனிதர் மூன்று பேராகத் தும்முவது வழக்கமில்லை என்பது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் பஸ்ஸை விட முடியாது. போய்விட்டாள்.

இதற்கெல்லாம் மூலம் கம்பெனி செலவில் நடந்த ஒரு பயிற்சி. வேலை அழுத்தத்தில் கிளை மேலாளர்கள் நொடிந்துபோகிறார்கள் என்று தலைமை அலுவலகம் கவலைப்பட்டது. நம் மேலாளர் நொடியவில்லை. அவருக்கிருந்த அழுத்தம் முழுவதும் இடுப்பு பெல்ட்டின் மீதுதான் விழுந்தது. இருந்தாலும் அவரையும் சேர்த்து ஒரு நட்சத்திர ஓட்டலில் உட்கார வைத்து, இலேசானவர் என்று பெயரெடுத்த ஒருவரைப் பேசவிட்டார்கள். தன்னிடம் ஒரே ஒரு வெள்ளைச் சட்டைதான் உண்டு என்று இலேசானவர் மேடையில் சொன்னார். அந்த ஒன்றைப் போலவே இருந்த மற்றவை வெளியே வேனில் காத்திருந்தன. வீட்டில் அடைசல், நாளில் அடைசல், மனசில் அடைசல், மூன்றையும் வெளியே தள்ளினால் மனிதன் பஞ்சு: அவர் சொன்னது இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு வாரமும், கெட்டி அட்டை போட்ட மூன்று பாகப் புத்தகமும், அந்தப் புத்தகத்தை வைக்க ஒரு தனி அலமாரியும் தேவைப்பட்டன. அலமாரியையும் அவரே விற்றார்.

வீட்டை ஒழிக்க அவர் கற்றுக்கொடுத்த வழிக்கு முதுகுச் சோதனை என்று பெயர். எந்தச் சாமானையும் கூடத்தின் நடுவில் வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று, மெல்ல மூச்சு விட வேண்டும். திரும்புவதற்குள் என்ன சாமான் என்பது மறந்துபோனால், அது தேவையில்லாதது, வெளியே போகலாம். சாதாரண ஆட்களுக்கு இது ஒருவேளை நல்ல சோதனையாக இருக்கலாம். மேலாளரோ பால் வாங்கப் போய் முடி வெட்டிக்கொண்டு வருகிற ரகம். கல்யாணத்தன்று மேடையில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மாலையைத் தேடியவர். அவர் முதுகைக் காட்டி நின்றால் உலகத்தில் எந்தப் பொருள் தப்பும்? சுவர்க் கடிகாரம் போனது, சாப்பாட்டு மேஜை போனது, கட்டில் போனது. மெத்தை விற்கிற மனிதரின் வீட்டில், பின்னறையில் இருந்த அப்பாவைத் தவிர, எல்லோரும் தரையில் படுத்தார்கள். மனைவியின் தையல் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டுத் திரும்பி, "அட, இது என்ன ஆட்டுக்குட்டி மாதிரி?" என்று வியந்தார். மெஷின் அன்று மாலையே பழைய இரும்புக் கடைக்குப் போனது. அவள் போய் மீட்டு வந்தாள், மறுபடி போனது, மறுபடி மீட்டு வந்தாள். கடைசியில் கடைக்காரர், "இங்கேயே வச்சுத் தைச்சுட்டுப் போங்கம்மா, எதுக்கு வீணா அலையறீங்க" என்று மின்விசிறிக்குக் கீழே இடம் போட்டுக் கொடுத்தார்.

பிறகு நாளை ஒழித்தார். கூட்டங்கள், சந்திப்புகள், பதில் சொல்ல வேண்டிய ஃபோன்கள் எல்லாவற்றையும் டைரியில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். அலுவலகத்தில் வெறும் மேஜைக்குப் பின்னால் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் செய்யாதது யாருக்கும் தெரியவில்லை, விற்பனை மட்டும் ஏறியது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தவர்கள், அவர் "ம்" என்று சொன்னால் அந்த "ம்" உள்ளே போய் முட்டிவிட்டு நிதானமாகத் திரும்பி வருவதைக் கேட்டு, ஆழமான மனிதர் என்று குறித்துக்கொண்டு போனார்கள்.

மனசை ஒழிக்கத் தொடங்கியபோதுதான் வீட்டில் குப்பை கூடியது. காலையில் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடுவார். அவர் எழுந்து போன பிறகு பாயைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு உருண்டைகள் கிடக்கும். மனைவி அவற்றைப் பெருக்கி அள்ளுவாள். மத்தியானம், அவள் வேலை பார்த்த கிளினிக்கில் யாரோ ஒருவருடைய முழங்காலை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கும்போது, கூரையில் ஒழுகும் இடத்தை யார் அடைப்பது, தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடித்துவிட்டதே, நாத்தனாரிடம் சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது என்றெல்லாம் திடீரென்று அவளுக்கு நெஞ்சை அடைக்கும். நாத்தனாரிடம் அவள் எதுவும் சொல்லவே இல்லை. சொன்னவர் அவள் கணவர். அவர் உதறிய கவலையெல்லாம் துடைப்பம் வழியாகத் தனக்கு ஏறுகிறது என்று புரிந்த நாளில் அவள் எதிர்வீட்டு வக்கீலம்மாவிடம் சொல்லி அழுதாள். வக்கீலம்மா யோசித்துவிட்டு, "கையுறை போட்டுக்கிட்டுப் பெருக்கு" என்றாள். அவளும் கையுறை போட்டாள், ஓரளவு குறைந்தது.

தும்மல் மூன்றாகக் கேட்ட வாரம், அவள் கணவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே மெஷின் முன்னால் நிறுத்தினாள். படத்தில் விலா எலும்பு வரிசையாக, ஒழுங்காக இருந்தது. அதற்குள்ளே ஒன்றும் இல்லை. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன அறைபோல வெறும் சுவரும் அதில் ஒரு ஆணியும் தெரிந்தன. இடது ஓரத்தில் கதவுக்குப் போடுகிற கீல் இரண்டு இருந்தன. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நோய்னு எதுவும் இல்லம்மா."

"வேற ஏதாவது இருக்கா டாக்டர்?"

"அதான் சொல்றேனே, எதுவும் இல்ல. பிரஷர் மட்டும் அருமையா இருக்கு. இவர் என்ன பண்றார்னு கேட்டுச் சொல்லுங்க, நானும் பண்ணிப் பாக்கறேன்."

வீட்டில் இனி ஒழிக்க வேண்டியதாக மிச்சமிருந்தது பின்னறை. அதில் மேலாளரின் அப்பா இருந்தார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், ஓய்வு பெறும்போது லிஃப்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். கம்பிச் சுருள், பல்சக்கரம், கப்பி, ஸ்பிரிங், எந்த மாடிக்கும் போகாத பொத்தான்கள், டப்பா டப்பாவாக நட்டும் போல்ட்டும். மருமகளுக்கும் அவருக்கும் ஆகாது. துண்டில் கிரீஸ் கறை, குழாயடியில் துரு, எதைக் கேட்டாலும் எதிர்க்கேள்வி. தினமும் ஒரு மூச்சு சண்டை உண்டு. ஆனால் அந்த வீட்டில் சண்டை போட்டால் பதில் சொல்ல மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். கணவரைத் திட்டினால் திட்டு அப்படியே அவளுக்கே திரும்பி வந்தது. கிழவரும் போய்விட்டால் தன் குரலோடு தானே குடும்பம் நடத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் போகக் கூடாது என்று அவள் உறுதியாக இருந்தது பாசத்தால் அல்ல, அல்லது பாசம் என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

இலேசானவரின் படிப்பில் உச்சநிலைக்கு முழுக்காலி என்று பெயர். பூட்டிய அறையோ, நிறைந்த அறையோ வீட்டில் இருக்கக் கூடாது. அவரே நேரில் வந்து பார்த்துப் பட்டம் கொடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலை மேலாளர் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"அப்பா, இந்த அறை காலியாகணும். ஊருக்கு வெளியே ஒரு இல்லம் இருக்கு. நல்ல காத்தோட்டம்."

"காத்தோட்டமா? என்னைக் கொடியில காயப் போடப் போறியாடா?"

"இலேசா இருப்பீங்க."

"நான் எதுக்கு இலேசாகணும்? ஏற்கெனவே காத்தடிச்சா செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் நடக்கறேன்."

மேலாளர் வாதம் செய்வதை எப்போதோ ஒழித்திருந்தார். அப்பாவின் நாற்காலியைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து போட்டார். கிழவர், பிள்ளை தன்னை மறக்க மாட்டான் என்ற தைரியத்தில், அல்லது நிற்க முடியாமல், மடியில் ஒரு டப்பாவோடு அதில் உட்கார்ந்தார். மேலாளர் முதுகைக் காட்டி நின்றார். மெல்ல மூச்சு விட்டார். மருமகள் சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கிழவர் ஒரு தரம் வேண்டுமென்றே இருமினார். தெருவில் ஒரு சைக்கிள் போனது. மேலாளர் திரும்பினார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துக் கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் சிரிப்பதுபோல மரியாதையாகச் சிரித்தார்.

"சொல்லுங்க சார், நீங்க யாரு?"

எதற்கும் எதிர்க்கேள்வி வைத்திருந்த கிழவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மடியில் இருந்த டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மருமகள் நேராக வந்து கணவரின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். எக்ஸ்ரே படத்தில் பார்த்த கீல் அதே இடத்தில் இருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பியதும் மார்பு அலமாரிக் கதவுபோலத் திறந்துகொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தாள். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் பார்த்த எந்த வாடகை வீட்டிலும் இவ்வளவு இடம் இருந்ததில்லை.

"ஏங்க, அசையாம நில்லுங்க. மாமா, அந்த டப்பாவைக் குடுங்க."

"எங்கம்மா வைக்கப் போறே?"

"இங்கதான். தாராளமா இடம் இருக்கு. இருங்க, கம்பிச் சுருளை முதல்ல எடுத்துட்டு வாங்க. கனமானது அடியில போகணும்."

கிழவர் எழுந்தார். எப்போதும் சுவரைப் பிடித்து நடப்பவர் அன்று இரண்டு கையிலும் இரும்போடு நடந்தார். "பல்சக்கரத்தைப் படுக்க வை, நிறுத்தினா உருளும்" என்றார். "எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "தெரிஞ்ச லட்சணம்தான் தெரியுதே, ஸ்பிரிங்கை யாராவது பல்சக்கரத்துக்கு மேல வைப்பாங்களா?" என்றார் அவர். இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இரண்டு பேரும் பின்னறையை முழுதாக மேலாளருக்குள் அடுக்கினார்கள், கிழவரின் கட்டில், தலையணை, கொடிக்கயிறு உட்பட. மேலாளர் மறுப்புச் சொல்லவில்லை. மறுப்பதற்கு வேண்டியது அவரிடம் எதுவும் இல்லை. பாதியில் ஒரு தரம், "கொஞ்சம் ஜில்லுனு இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

கடைசி டப்பா உள்ளே போனதும் அவர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன நாத்தம் இது? கிரீஸா?"

"ஆமாண்டா. சின்ன வயசுல, வேலை முடிஞ்சு நான் கழட்டிப் போடற சட்டையைத் தலைக்கு வச்சுக்கிட்டாத்தான் உனக்குத் தூக்கம் வரும், அப்ப நாறலையா?"

மேலாளர் முகம் மெல்லச் சிவந்தது. வெகு காலம் கழித்து அதில் எரிச்சல் வந்தது. "அப்பா! எத்தனை தரம் சொல்லியிருக்கேன், இந்தத் துருப்பிடிச்ச இரும்பையெல்லாம் எதுக்கு வச்சுட்டிருக்கீங்க?" என்று கத்தினார். கத்தியது ஒரே ஒரு தரம்தான் கேட்டது. மருமகள் பொத்தானைப் போட்டுவிட்டுப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

இலேசானவர் வந்தார். பின்னறையைப் பார்த்தார், வெறும் தரை. கூடத்து மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவரைக் காட்டி, "இது?" என்றார். "இது சாமான் இல்லைங்க, எங்க மாமா" என்றாள் மருமகள். முழுக்காலிப் பட்டம், தங்க ஓரம் வைத்த சட்டத்தோடு, மேலாளர் கைக்கு வந்தது. படம் எடுத்து முடிந்ததும் இலேசானவர் குரலைத் தாழ்த்தி, இந்த நிலையை எட்டியவர்கள் குருவுக்கு ஒரு சின்ன உதவி செய்வது வழக்கம் என்றார். டிரைவர் வேனிலிருந்து பெட்டிகளை இறக்க ஆரம்பித்தான். ஊருக்கு ஊர் அவருக்கு இப்படிக் காலியான சீடர்கள் இருந்தார்கள். ஒருவருக்குள் குளிர்காலத் துணிமணி, ஒருவருக்குள் பீங்கான் பாத்திரங்கள், ஒருவருக்குள் முதல் மனைவியின் சாமான். அவர் அத்தனை இலேசாக இருந்ததற்கு வேறு இரகசியம் எதுவும் கிடையாது. பழகிய கையால் மேலாளரின் சட்டையை விலக்கிக் கதவைத் திறந்தார். மேலே இருந்த கப்பி உருண்டு அவருடைய வலதுகால் கட்டைவிரலில் விழுந்தது.

"இடம் இல்லைங்களே, குடும்பச் சாமான் இருக்கு" என்றாள் அவள்.

அவர் நொண்டிக்கொண்டு போனார். பட்டத்தைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அதன் பிறகு மேலாளருக்குப் பதவி உயர்ந்தது, மண்டலம் முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. அவர் நடந்தால் உள்ளே கலகலக்கும். அனுபவம் பேசுகிறது என்று தலைமை அலுவலகம் பெருமைப்பட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், மனைவியைக் குறை சொல்வார், கூடப்பிறந்தவளோடு ஃபோனில் மல்லுக்கு நிற்பார். பாயைச் சுற்றிப் பஞ்சு உருண்டை விழுவது நின்றுபோனது. கிழவருக்கு ஸ்பேனர் வேண்டுமென்றால் "டேய்" என்பார், பிள்ளை முனகிக்கொண்டே குனிந்து பொத்தானைக் கழற்றுவார். ஒரு மழைக்காலத்தில் பின்னறை ஒழுக ஆரம்பித்ததும், கட்டில்தான் பிள்ளைக்குள் இருக்கிறதே என்று கிழவர் காலைச் சாப்பாடு முடிந்து ஒரு கண் அசர உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கினார். மழை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சில நாள் பிள்ளை ஆபீசுக்குக் கிளம்புவதற்குள் எழுந்திருக்க மாட்டார். அப்படி ஒரு நாள், தலைமை நிர்வாகி அடுத்த ஆண்டின் இலக்குகளை விளக்கி உச்சஸ்தாயியில் பேசிக்கொண்டிருந்தபோது, மண்டல மேலாளரின் மார்பிலிருந்து நீளமான ஒரு குறட்டை வந்தது. நிர்வாகி பேச்சை நிறுத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மண்டல மேலாளர் சட்டைக்கு மேலே கையை வைத்து மூடிக்கொண்டு, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், அப்பா தூங்கறாரு" என்றார். கூட்டம் மெதுவான குரலில் தொடர்ந்தது.